பானட்டைத் தூக்கியவன்

தொண்ணூற்று நாலு என்று வாக்கி டாக்கிக்குள்ளிருந்து வெள்ளிங்கிரியின் குரல் வந்தபோது வண்டி நேர்பாதையைத் தாண்டி முதல் வளைவுக்குள் போய்விட்டது, குரல் மட்டும் பின்தங்கி என் காதருகே நின்றது, தொண்ணூற்று நாலு, என்ஜினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரின் சூடு, நல்ல எண்தான், ஆனால் முதல் சுற்றில் எந்த எண்தான் கெட்ட எண், போன வருஷமும் இதே சித்திரை வெயிலில் இதே மத்தியானத்தில் முதல் சுற்றுக்குத் தொண்ணூற்று நாலுதான், எழுதி வைத்திருக்கிறேன், நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன், ஒன்றைத் தவிர. இன்னும் பதினோரு சுற்று இருக்கிறது. சுற்றுக்கு ஒன்றரை நிமிஷம்கூட இல்லை, கால் மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பந்தயத் தடத்தை ஒட்டிய பிட் சுவரின் சிமெண்ட் முழங்கையைச் சுடுகிறது, எடுத்துவிட்டு மறுபடி அங்கேயே வைக்கிறேன். மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவன், கண்ணுக்குள் மணல் போட்டதுபோல அரிக்கிறது, ஆனாலும் தூக்கம் கிட்டத்தில் இல்லை. பக்கத்தில் டயர் பார்க்கிற சம்பத் ஸ்டாப்வாட்சைத் தொடையில் தட்டிக்கொண்டே, "ஏனுங்ணா, அந்த நுரையையும் தகட்டையும் மாட்டிட்டே அனுப்பியிருக்கலாமுங், ரேடியேட்டரச் சுத்தி அவ்வளவு சந்து இருக்குது, காத்து அதுல பூந்து வீணாப் போவுதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்கிறான். சொன்னேன், சரிதான், பின்பக்கம் பெட்டியில் சந்தை அடைக்கிற ஸ்பாஞ்சு நுரை இருக்கிறது, வெட்டிய அலுமினியத் தகடு இருக்கிறது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு. இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் மாற்றம். ரேடியேட்டர் அதேதான், விசிறி அதேதான், டயரும் பெட்ரோலும் போன வருஷம் இருந்ததுபோல. ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது செய்தது என்று தெரியும். "நாளைக்கு மாட்டிக்கலாம் சம்பத்து" என்றேன், அவன் விடாமல் "நாளைக்கு மாட்டறதுக்கு இன்னைக்கு என்ஜின் இருக்கோணுமல்லங்" என்றான். நூற்றெட்டைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று வெள்ளிங்கிரியிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். நூற்றெட்டு. தொண்ணூற்று ஏழு என்கிறது வாக்கி டாக்கி, இரண்டாவது சுற்று.

போன வருஷம் அன்றைக்கு ஐந்தாவது சுற்றில் நூற்று நாலு, ஏழாவதில் நூற்றுப் பத்து, ஒன்பதாவதில் நூற்றுப் பதினெட்டு என்று வெள்ளிங்கிரி சொல்லி முடிக்கவில்லை, சொல்லும்போதே அவன் குரல் வேறு ஏதோவாக மாறியது, மனிதக் குரலா வாக்கி டாக்கியின் கரகரப்பா என்று தெரியாமல் நான் அதைக் காதோடு சேர்த்து அழுத்தினேன், இன்னும் அழுத்தினால் புரிந்துவிடும் என்பதுபோல. கேபினுக்குள் போகிற சின்ன ஹோஸ், சுடுதண்ணீர் ஓடுகிற ரப்பர் குழாய், அவன் இடதுகால் கிளட்சுக்கு மேலே போகிறது, அது பிய்த்துக்கொண்டது. கொதிக்கிற தண்ணீர் ஷூவுக்குள் இறங்கிவிட்டது. கால் வெந்துகொண்டே அவன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான், பின்னால் வருகிறவனுக்குக் கை காட்டினான், வெள்ளிங்கிரி அப்படிப்பட்ட ஆள், என் மனைவி ருக்மணியின் தம்பி, நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் மொபெட்டின் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்த அதே வெள்ளிங்கிரி. ஆஸ்பத்திரியில் ருக்மணி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், யாரு வேலைங்க அது, எவன் அந்தக் குழாயை மாட்டுனவன். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற யாரோ சொன்னார்கள், குப்புராஜ். சொன்னது யார் என்று இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை, நானில்லை என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் மறுத்ததும் நானில்லை. குப்புராஜ் எங்கள் மெக்கானிக், ஹோஸ் மேல் கிளிப்பைப் போட்டு முறுக்கியவன். "ரெண்டு தடவ முறுக்குனனுங்ணா, கை எரியற அளவுக்கு முறுக்குனன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், உள்ளங்கையை விரித்துக் காட்டினான், காட்டி என்ன ஆகும், அதில் எழுதியா இருக்கிறது. அதற்கப்புறம் பந்தய வண்டி வைத்திருக்கிற ஒருத்தரும் அவனைக் கூப்பிடவில்லை. கிளிப்பு குப்புராஜ் என்று பேர் வைத்தார்கள், பிறகு குப்புராஜும் போய் வெறும் கிளிப்பு. "கிளிப்பு வந்தானா", "கிளிப்பு டீ குடிச்சானா, டம்ளரு கழண்டு விழுந்துருக்குமே", ஒரு நாள் நானே அந்தச் சிரிப்பில் நின்றிருக்கிறேன், சிரிக்காமல், ஆனால் நகராமலும். இப்போது சூலூர்ப் பக்கம் போர்வெல் மோட்டார் தூக்கி இறக்குகிற வேலைக்குப் போகிறான். தொண்ணூற்று ஒன்பது. மூன்றாவது. "ஒண்ணு இருவத்தி ரெண்டுங்" என்கிறான் சம்பத் ஸ்டாப்வாட்சைப் பார்த்து. போன வருஷம் மூன்றாவதில் நூறு தாண்டியிருந்தது. ஒரு டிகிரியை வைத்து எதையும் சொல்ல முடியாது, காற்று கொஞ்சம் திரும்பினாலே ஒரு டிகிரி வரும்.

ஒன்றைத் தவிர என்றேனே, அந்த ஒன்று நாலு வாஷர், தடித்த இரும்பு வளையம். பானட்டை, அதாவது என்ஜின் மூடியை, பின்பக்கம் முன்கண்ணாடியோரமாகப் பிடித்திருக்கிற கீலுக்கு அடியில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அந்த வாஷர்களைக் கொடுத்தால் பானட்டின் பின்விளிம்பு ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி நிற்கும், சூடான காற்று அந்த வழியாக வெளியே போய்விடும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு ஓடுகின்றன, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் நான் ஊர் சொன்னதற்காகச் செய்யவில்லை, ஊர் சொன்னதற்காகச் செய்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். நான் சோதித்துப் பார்த்துச் செய்தேன். காற்று என் தொழில். இருபத்தி மூன்று வருஷமாக மில்லில் நூற்புக் கூடத்துக்குக் காற்று அனுப்புகிறவன் நான், ஈரமாக்கி, சல்லடையில் பஞ்சுத் தூசை வடித்து, மேலே உள்ள துவாரங்கள் வழியாகத் தள்ளி, தரைக்கடியில் இருக்கிற கால்வாய் வழியாகத் திரும்ப இழுக்கிறவன். ஈரம் குறைந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். படிப்பு எட்டாவதோடு சரி, மீதியெல்லாம் உக்கடத்தில் எடைக்கு வாங்கிய புத்தகங்களும் ஒரு அகராதியும். புழுக்கம் தாங்காமல் ஷெட்டுக் கதவைத் திறந்து வைக்கிறவர்களோடு நான் போடாத சண்டை இல்லை, திறந்தால் குளுகுளுன்னு இருக்குதுங்கண்ணா என்பார்கள், உனக்கு இருக்கும், நான் அனுப்புகிற காற்று அந்த வழியாக ஓடிப்போய்விடும், அந்த மூலையில் அறுபது ஸ்பிண்டிலில் நூல் அறுந்து தொங்கும் என்பேன். அப்படிப்பட்டவன் வெள்ளிங்கிரியின் பட்டறையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். புகை உள்ளே போனது. பானட்டின் பின்சந்து வழியாக வரிசையாக, சாமிக்குக் காட்டுவதுபோல, வெளியே வந்தது. வெள்ளிங்கிரி கன்னத்தில் போட்டுக்கொண்டு "பாத்துக்கடா குப்பு, இதாண்டா எங்க மாமா" என்றான். குப்புராஜ் மட்டும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வண்டி நிக்குதுங்களேண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நிக்காம பின்ன பறக்குமா என்று நான் கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.

நூறு. நாலாவது. வண்டி நிற்கிறது. ஒரு வருஷமாக அந்த இரண்டு வார்த்தை எனக்குள்ளே சுற்றுகிறது, மில்லின் ப்ளாண்ட் ரூமில் விசிறி ஓடும்போது அதன் தாளத்தில்கூட, வண்டி நிக்குது வண்டி நிக்குது. மில் நிற்கிற பொருள். நான் வேலை செய்த காற்று எல்லாமே நிற்கிற சுவர்களுக்குள் நான் தள்ளினால் போகிற காற்று. ஓடுகிற வண்டியின் மேல் காற்று என்ன செய்யும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், முன்கண்ணாடி ஒரு சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது, பானட்டின் மேல் வழுக்கி வருகிற காற்று அதில் போய் முட்டும், முட்டிய இடத்தில் நெரிசல், நெரிசல் இருக்கிற இடத்தில் ஒரு சந்து கிடைத்தால் காற்று வெளியேயா வரும், உள்ளே பாயும். பாய்ந்து என்ஜின் அறையை நிரப்பும். நிரம்பிய அறைக்குள் ரேடியேட்டர் வழியாக வேறு காற்று எப்படி நுழையும், கதவுக்குப் பின்னால் ஆள் நின்றுகொண்டு தள்ளினால் கதவு எப்படித் திறக்கும். வேகம் கூடக்கூட அடைப்பும் கூடும். இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். போன மாசம்தான் பார்த்தேன். மில்லிலிருந்து கோன் கழிவு நூல் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, பழைய வாஷரைக் கழற்றாமலே பானட் முழுக்க டேப்பால் ஒட்டினேன், வெள்ளிங்கிரி ஓட்ட, சம்பத் பக்கத்து வண்டியிலிருந்து போனில் படம் எடுத்தான். வீட்டில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்னால் ஒட்டிய நூலெல்லாம் படிந்து கண்ணாடியை நோக்கிக் கிடந்தன, எதிர்பார்த்ததுதான். பின்விளிம்பில் இருந்தவை சுருண்டு மடங்கி சந்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வெளியே நீட்டவில்லை. பதினொரு நூல். பதினொன்றும் உள்ளே. ருக்மணி காப்பித் தம்ளரோடு வந்து, "என்னங்க அப்படி முழிச்சுப் பாக்கறீங்க, எதாச்சும் செத்துகித்துப் போச்சா" என்றாள். ஒண்ணுமில்ல, நூலு என்றேன்.

நூற்று ஒன்று. ஐந்தாவது. போன வருஷம் இதே இடத்தில் நூற்று நாலு. இப்போது மூன்று டிகிரி, மூன்று என்றால் காற்று திரும்பியதால் வந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது, சொல்லிக்கொள்ளலாம், நான் எதைத்தான் சொல்லிக்கொள்ளவில்லை. வாஷரைக் கழற்றியபோது வெள்ளிங்கிரி கேட்டான், "இதேனுங் மாமா கழட்டறீங்க, நல்லாத்தான இருந்துச்சு". பாக்க அசிங்கமா இருக்குது மாப்ள என்றேன். அதை நம்பினான். நான் சொன்னால் நம்புகிறான், காலில் முழங்கால் வரை தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது, கிளட்ச் மிதிக்கும்போது பல்லைக் கடிக்கிறான், அப்படியும் மாமா சொன்னால் சரி. இப்படி ஒருத்தன் நம்புவதைவிட நாலு அறை விட்டால் தேவலை. சம்பத் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறான், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன், தொண்டை காய்ந்துதான் இருக்கிறது. இந்த வெயிலில் ரோடு நெளிகிறது, தூரத்து வளைவில் வண்டி முதலில் ஒரு நெளிவாகத்தான் தெரிகிறது, பிறகு சிவப்பாக, பிறகு சத்தமாக. நூற்று ஒன்று. ஆறாவது. ஏறவில்லை.  ஏறட்டும் என்று உள்ளே ஒருத்தன் கேட்கிறான். ஏறட்டும், நூற்றெட்டைத் தொடட்டும், வெள்ளிங்கிரி நிறுத்திவிடுவான், யாருக்கும் ஒன்றும் ஆகாது, சம்பத் பார்த்தீங்களாண்ணா என்பான், பெரிய ரேடியேட்டர் வாங்கிக்கொள்வோம், வாஷருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும், அன்றைக்கு வெடித்தது கிளிப்பால்தான், கிளிப்பு கிளிப்பாகவே இருக்கட்டும். பானட்டை இறக்கியதும் வண்டி ஆறிவிட்டால் பானட்டைத் தூக்கியவன்தான் கொதிக்க வைத்தவன். நான் இங்கே வந்து நிற்பது என் மேல் ஒரு தீர்ப்பு வாங்க. அதற்காகத்தான் நுரையும் வேண்டாம் தகடும் வேண்டாம் என்றேன், எல்லாவற்றையும் சேர்த்து மாட்டி வண்டி ஆறியிருந்தால் எதனால் ஆறியது என்று கடைசிவரை தெரியாது, தெரியாததற்குள் நான் சௌகரியமாகப் படுத்துக்கொள்ளலாம், அந்தச் சௌகரியம் வேண்டாம் என்றுதான். என்றுதானா. அப்படியானால் ஏன் ஏறட்டும் என்று கேட்கிறாய்.

நூற்று இரண்டு. ஏழு. ஒன்று ஏறிவிட்டது. அந்த உள்ளாள் காதைத் தீட்டிக்கொள்கிறான். இந்தா, எட்டில் நூற்று நாலு, ஒன்பதில் நூற்று ஏழு, அப்படிப் போகலாம், போன வருஷமும் ஏழிலிருந்துதான் பாய்ந்தது. ஹோஸ் புதிது, கிளிப் புதிது, நானே மாட்டினேன், நானே மூன்று தடவை முறுக்கினேன், முறுக்கும்போது என் உள்ளங்கையில் ஸ்க்ரூடிரைவரின் வரி பதிந்தது, சிவப்பாக ஒரு மணி நேரம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு முறுக்கினாலும் நூற்றுப் பதினெட்டில் தண்ணீர் ஆவியாகி உள்ளேயிருந்து உதைத்தால் எது நிற்கும், எந்தக் கிளிப் நிற்கும், எந்தக் குப்புராஜ் நிற்பான். இது அன்றைக்கே தெரியும். பிய்ந்த ஹோஸை நான் எடுத்துப் பார்த்தேன், ஆஸ்பத்திரியிலிருந்து பட்டறைக்குப் போய், யாருமில்லாதபோது, கிளிப் இறுகின இடத்திலேயே வளையமாக ஒரு துண்டு ரப்பரோடு இருந்தது, அதற்கு இந்தப் பக்கம்தான் கிழிந்திருந்தது. கிளிப் விடவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன். பிறகு பழைய இரும்புப் பெட்டியில் போட்டேன், எடைக்குப் போயிற்று. இதை நான் எனக்கே இதுவரை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. வாஷரைப் பற்றி ஒரு மாசமாகத்தான் தெரியும், கிளிப்பைப் பற்றி ஒரு வருஷமாகத் தெரியும். அப்படியானால் இந்தச் சோதனையே, இந்தப் பன்னிரண்டு சுற்றே, தெரிந்ததைத் தெரியாததுபோல இன்னொரு தடவை கேட்பதா. இல்லை, அப்படியும் இல்லை. அவன் மேல் தப்பில்லை என்று மட்டும் தெரிந்து என்ன செய்ய, பின்ன யார் மேல் என்று கேட்பார்களே, பதில் வேண்டுமே, கையில் ஒரு எண்ணோடு போக வேண்டுமே. நூற்று இரண்டு. எட்டு. "நின்னு போச்சுங்ணா, அங்கயே நிக்குது" என்று சம்பத் என் தோளைப் பிடித்து உலுக்குகிறான். இரு சம்பத்து, ஒம்பது வரட்டும்.

ஒன்பதாவதில் வண்டி கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது என் இடது காலை நான் தரையிலிருந்து தூக்கியிருந்தேன், எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொக்குபோல நிற்கிறேன், சிவப்பு எங்களைக் கடக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது, வாக்கி டாக்கி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. "மாப்ள" என்கிறேன். கரகரப்பு. "மாப்ள, எண்ணு சொல்லு, எண்ணு." கரகரப்புக்குள் மூச்சு இரைக்கிறது. "அட இருங் மாமா, கியர் மாத்தறதா உங்களுக்கு ஜோசியம் சொல்றதா. நூத்தி மூணு." கால் தரைக்கு வந்தது. நூற்று மூன்று. சம்பத் ஸ்டாப்வாட்சை அழுத்த மறந்துவிட்டு விசில் அடிக்கிறான். பத்தில் மூன்று. பதினொன்றில் மூன்று. இப்போது வெள்ளிங்கிரி எண்ணைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்கிறான், நூத்தீ மூணூ, பன்னிரண்டிலும் அதேதான், அவ்வளவு வேகத்தில் அந்த முள் நூற்று மூன்றில் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது, எனக்கும் ஒன்று நின்றுவிட்டது, அந்த உள்ளாள் எங்கே போனான் என்று தேடினால் இல்லை. போன வருஷ நூற்றுப் பதினெட்டுக்குப் பதினைந்து டிகிரி குறைவு. நாலு வாஷருக்குப் பதினைந்து டிகிரி. பயந்துகொண்டே இருந்தேன், ஆனால் தெளிந்த பிறகு இது பயமாக இல்லை, காய்ச்சல் அளந்து பார்த்துவிட்டதுபோல இருக்கிறது, இனி மாத்திரை போட வேண்டியதுதான்.

வண்டி பிட்டுக்குள் வந்து நின்றதும் சம்பத் பானட்டைத் தடவிக் கொடுத்தான், சுட்டதும் கையை உதறினான். வெள்ளிங்கிரி ஹெல்மெட்டைக் கழற்றினான், தலைமுடி எல்லாம் நெற்றியில் ஒட்டியிருக்க, பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, என்னங் மந்திரம் போட்டீங்க? ஒரு நுரை இல்ல, ஒரு தகடு இல்ல, சும்மா அசிங்கமா இருக்குதுன்னு எதையோ கழட்டுனீங்க, அதுக்கே இப்படியா!" இதுதான் இடம். இங்கேதான் சிரித்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன், விட்டால் அப்புறம் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம், அதற்கு அப்புறம். "அசிங்கத்துக்காகக் கழட்டல மாப்ள" என்றேன். "அது இருந்ததுனாலதான் போன வருஷம் வண்டி கொதிச்சுது. காத்து அந்த வழியா வெளிய போகல, உள்ள வந்து அடைச்சுக்கிச்சு. தூக்கி வெச்சவன் நான்." அவன் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, இறக்கி வைக்க இடம் தெரியாததுபோல. "அப்ப கிளிப்பு?" என்று கேட்டான். "கிளிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஹோஸு கிழிஞ்சது தனியா. நான் பாத்தேன்." "எப்பப் பாத்தீங்க?" "அன்னைக்கே."  சம்பத் தூரமாகப் போய் ஒரு டயரைக் காரணமில்லாமல் உருட்டினான். வெள்ளிங்கிரி என் சட்டையை விட்டான். இடது கையைக் கீழே கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே தேய்த்தான், வலித்துத் தேய்த்தானா பழக்கத்தில் தேய்த்தானா என்று நான் கேட்கவில்லை. "காலு போனது போச்சுங் மாமா" என்றான் கடைசியில், என்னைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பார்த்து. "காத்தப் பத்தித் தெரியாம செஞ்சீங்க, சரி. ஆனா அவன் எங்கூட்டுக் கல்யாணத்துக்கு வந்துட்டு, சாப்புடாம, பந்தல்ல ஓரமா நின்னுட்டுப் போனான். நான்தான் அவனச் சாப்புடக் கூப்புடாதீங்கன்னு அக்காகிட்ட சத்தம் போட்டன். எல்லாரும் கேக்கறாப்பல." பெல்ட்டை அவிழ்த்தான், காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். "வண்டிய லாரில ஏத்துங்க. வூட்டுக்குப் போக வேண்டாம். நேரா சூலூர். அவன் அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் வேலைய விட்டு வந்துருவான், அப்பத்தான் அவன் தெருவுல சனமும் இருக்கும். வண்டிய அவன் வாசல்ல நிறுத்தி பானட்டத் தொறந்து நீங்களே காட்டுங்க. நான் பக்கத்துல நிக்கறன், ஆனா வாயத் தொறக்க மாட்டன்." சரி என்றேன். உங்களுக்காகச் சொல்லல என்றான், தெரியும் என்றேன்.

லாரியின் பலகை மேல் வண்டி ஏறியது. நான் முன்சக்கரத்தைச் சுற்றிப் பட்டையைப் போட்டு இழுத்துக் கட்டுகிறேன், கட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். தெரியாம நடந்துபோச்சு குப்புராஜ் என்று முதலில் வந்தது, அது வேண்டாம், நடந்துபோகவில்லை, நான் நடத்தினேன். மன்னிச்சுக்கப்பா என்று வந்தது, அதுவும் வேண்டாம், அதைச் சொன்னால் உடனே அவன் பரவாயில்லீங்ணா என்பான், அவனுக்கு வாய் அப்படி, அவனைக் கொடுக்க வைத்து நான் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். தெருவே நிற்கும்போது, அவன் பெண்டாட்டி வாசலில் நிற்கும்போது, கடைசி வீட்டுக்கும் கேட்கிறமாதிரிச் சொல்ல வேண்டும். பட்டையை இன்னொரு பிடி இழுத்தேன். குப்புராஜு, நீ முறுக்குனது சரி, நான் தூக்குனது தப்பு. சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சம்பத் திரும்பிப் பார்த்தான்.